முனைவர் பட்டத்திலிருந்து பேராசிரியர் பணிக்கு: அமெரிக்க லத்தீனா பெண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆய்வு முடித்துப் பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்குள் நுழையும் லத்தீனா பெண்கள் எங்கே தடுக்கப்படுகிறார்கள், அங்கே என்ன செய்யலாம் என்பது பற்றிய கேள்விகள் இவை. உயர்கல்வியும் பாலினமும் குறித்து ஆராயும் தமிழ் மாணவர்களையும், அமெரிக்கத் துறைகளில் லத்தீனா சக ஊழியர்களோடு வேலை பார்க்கும் தமிழர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தப் பாதையில் பெண்கள் உதிர்ந்துபோவது திறமைக் குறைவால் அல்ல. யாரும் எழுதி வைக்காத விதிகளும், யாரும் கணக்கில் சேர்க்காத வேலையும்தான் காரணம்.

லத்தீனா என்றால் யார்? ஹிஸ்பானிக் என்பதும் அதுவும் ஒன்றுதானா?

லத்தீன் அமெரிக்காவில் வேர் கொண்ட பெண் லத்தீனா; ஆணையும் பொதுவாகச் சமூகத்தையும் சொல்லும்போது லத்தீனோ. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிய மொழி வழி வருவது. அதனால் ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக் ஆகலாம், லத்தீனா ஆகமாட்டார். போர்ச்சுக்கீசியம் பேசும் பிரேசில் பெண் லத்தீனா ஆகலாம், ஹிஸ்பானிக் ஆகமாட்டார். அரசுப் படிவங்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தில் வந்தவர்கள் சுமார் 6.2 கோடி பேர், மொத்த மக்களில் 18.7 சதவீதம்.

இந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது. டெக்சாஸில் ஐந்து தலைமுறையாக இருக்கும் மெக்சிக அமெரிக்கப் பெண், பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை உள்ள புவேர்ட்டோ ரிக்கோ பெண், மியாமியின் கியூபக் குடும்பத்துப் பெண், நியூயார்க்கின் டொமினிக்கன் பெண், பெற்றோர் எல் சால்வடோர் போருக்குத் தப்பி வந்த பெண் எல்லோரும் லத்தீனாக்கள். மெக்சிக அமெரிக்கர்களில் அரசியல் உணர்வோடு தங்களைச் சிக்கானா என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. பாலினம் சுட்டாத லத்தீனெக்ஸ், லத்தீனே என்ற சொற்களைச் சிலர் விரும்புவார்கள், சிலர் அறவே ஏற்கமாட்டார்கள். நிறமும் ஒன்றல்ல. கறுப்பின லத்தீனாவை வளாகத்தில் லத்தீனாவாகவே பார்க்காமல் விடுகிறார்கள். வெளிர் நிறமுள்ளவரிடம் ‘பார்த்தால் அப்படித் தெரியவில்லையே’ என்கிறார்கள். எல்லோருக்கும் ஸ்பானியம் வரும் என்று நினைப்பதும் தவறு. பள்ளியில் ஸ்பானியம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்காமலே விட்டது உண்டு.

புள்ளிவிவரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கொலம்பியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து ஆய்வு செய்யும் பெண்ணை, கல்லூரிகள் அரசுக்கு அனுப்பும் கணக்கு ‘வெளிநாட்டவர்’ என்றே பதிவு செய்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை கிடைத்த பிறகே அவர் ஹிஸ்பானிக் கட்டத்துக்கு வருவார்.

பேராசிரியர் பதவிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் 2018 கணக்கில், முழுநேர ஆசிரியர்களில் ஹிஸ்பானிக் பெண்கள் சுமார் 3 சதவீதம். உச்சப் படியான முழுப் பேராசிரியர்களில் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் சமூகத்தின் பெண்களுடைய கணக்கு இது.

முன்னே போனவர்களின் காலமும் வெகு தொலைவில் இல்லை. எல் பாசோவில் வளர்ந்த மார்த்தா பெர்னால் 1962-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் ஆனார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மெக்சிக அமெரிக்கப் பெண் அவர். வேலைக்கு விண்ணப்பித்தபோது, பெண்களை எடுப்பதில்லை என்றே பதில் வந்தது. 1982-இல் ஸ்டான்ஃபோர்டில் வரலாற்று முனைவர் ஆன விக்கி ரூயிஸ், 2015-இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்தார். இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவே இருபதே ஆண்டுகள். துறையில் தனக்கு மூத்தவர் என்று சொல்ல ஒரே ஒரு லத்தீனாகூட இல்லாத நிலை இன்றும் பல இடங்களில் இருக்கிறது.

நம் ஊர் போல இடஒதுக்கீடு உண்டா?

இல்லை. தமிழ் வாசகர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். மாணவர் சேர்க்கையில் இத்தனை இடம் என்று ஒதுக்குவதை 1978 பாக்கி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சேர்க்கையில் இனத்தை ஓர் அம்சமாகப் பார்ப்பதும் 2023 ஜூன் 29 ஹார்வர்டு தீர்ப்போடு ஏறத்தாழ முடிந்தது. ஆசிரியர் நியமனத்துக்கு 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு பொருந்தும். இனத்தை வைத்து ஒருவரை எடுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஆக, ‘லத்தீனா என்பதால் வேலை கிடைத்தது’ என்று வராந்தாவில் பேசப்படும் பேச்சுக்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை. அந்தப் பேச்சைச் சுமப்பவர் மட்டும் அந்தப் பெண்.

அண்மை ஆண்டுகளில் களமும் மாறியிருக்கிறது. டெக்சாஸின் 17-ஆம் எண் செனட் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் பொதுப் பல்கலைக்கழகங்களில், பல பின்னணியினருக்கும் இடம் கிடைப்பதற்காக இயங்கிய பன்மைத்துவ அலுவலகங்களை மூட வைத்தது. வகுப்பில் கற்பிப்பதற்கும் ஆய்வுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு இருப்பதையே பலர் அறிவதில்லை. பன்மைத்துவத்துக்குத் தன் பங்கு என்ன என்று விண்ணப்பதாரர் எழுதும் பன்மைத்துவ அறிக்கையை விண்ணப்பத்தோடு கேட்பதை எம்.ஐ.டி. 2024-இலும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2025-இலும் நிறுத்தின. பழைய வழிகாட்டிகளில் உள்ள மாதிரிகளை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு விளம்பரத்திலும் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாணவர்களுக்கு வழிகாட்டிய அனுபவத்தைக் கற்பித்தல் அறிக்கையிலேயே எழுதலாம்.

ஹிஸ்பானிக் மாணவர்களுக்கான கல்லூரிகள் என்று தனியே இருக்கின்றனவாமே? அங்கே போனால் சிரமம் குறையுமா?

‘ஹிஸ்பானிக் சேவைக் கல்வி நிறுவனம்’ என்ற தகுதி சட்டத்தில் 1992 முதல் இருக்கிறது. முழுநேரக் கணக்கில் இளநிலை மாணவர்களில் 25 சதவீதமாவது ஹிஸ்பானிக் இருக்க வேண்டும். நாடு முழுவதும் சுமார் 600 நிறுவனங்கள் இந்த வரையறைக்குள் வருகின்றன. அந்தத் தகுதிக்கு மாணவர் எண்ணிக்கைதான் அளவுகோல். ஆசிரியர்கள் யார் என்ற நிபந்தனை கிடையாது. மாணவர்களில் பாதிப்பேர் லத்தீனோக்களாக இருந்தும், துறையில் ஒரே ஒரு லத்தீனா ஆசிரியர் இருக்கும் நிலை இதனால்தான் சாத்தியமாகிறது. அந்த ஒருவரிடம்தான் எல்லா மாணவர்களும் வந்து நிற்பார்கள்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை: உங்கள் துறையில் எத்தனை லத்தீனாக்கள் டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) பெற்றிருக்கிறார்கள்? கடந்த பத்து ஆண்டுகளில் வந்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள்? இந்தத் தகுதியால் கிடைத்த நிதி எதற்குச் செலவானது? 2025 செப்டம்பரில் மத்தியக் கல்வித்துறை இத்தகைய நிறுவனங்களுக்கான விருப்புரிமை மானியங்களை நிறுத்துவதாக அறிவித்தது. எனவே மானியத்தை நம்பி உருவாக்கிய பதவியா, கல்லூரியின் சொந்த வரவு செலவில் உள்ள பதவியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு அடையாளத்தில் என்ன மாறுகிறது?

ஆய்வு மாணவியாக இருக்கும்வரை, வீட்டுக்கும் வளாகத்துக்கும் நடுவே இருப்பதைத் தற்காலிகம் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆசிரியர் ஆனதும் அது வாழ்க்கையாகிவிடுகிறது. பண்ணைக்கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் கூலி கொடுக்கும் நிறுவனத்தின் முகமாக நிற்கிறார். எந்த அமைப்பு தன்னைச் சந்தேகித்ததோ அதன் சார்பில் மதிப்பெண் போடுகிறார். இரண்டு உலகங்களுக்கு நடுவிலான இந்த நிலையைச் சிக்கானா எழுத்தாளர் க்ளோரியா அன்சால்டுவா நாவாட்டல் மொழிச் சொல்லால் ‘நெபாந்த்லா’ என்றார். அவருடைய வாழ்க்கையே அதற்குச் சாட்சி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாகத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நிலையில் 2004-இல் இறந்தார். பட்டம் அதன் பிறகே வழங்கப்பட்டது. அதற்குள் உலகமே அவர் எழுத்தைப் பாடமாக வைத்திருந்தது.

‘எனக்குத் தகுதியில்லையோ’ என்ற உறுத்தலை மனப்பயிற்சியால் சரிசெய்யச் சொல்லும் பட்டறைகள் நிறைய. அதை நாங்கள் ஏற்கவில்லை. சாவியோடு நிற்பவரைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்து அறை திறக்கச் சொல்லும் இடத்தில், சந்தேகம் அந்தப் பெண்ணின் மனத்தில் பிறந்தது அல்ல. குறை சுற்றுப்புறத்தில் இருக்கிறது. கல்வியியலாளர் தாரா யோசோ 2005-இல் முன்வைத்த கோணம் இங்கே பயன்படும்: இந்தச் சமூகங்களில் இல்லாததை எண்ணாமல், இருப்பதை எண்ண வேண்டும். பெற்றோருக்காக எட்டு வயதிலேயே மருத்துவமனையில் மொழிபெயர்த்த பெண்ணிடம் இருக்கும் மொழித்திறனும் நிறுவனங்களைக் கையாளும் திறனும் உண்மையான மூலதனம்.

வேலை தேடும் ஆண்டு எப்படி நகரும்?

பட்டம் முடிய 12 முதல் 18 மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். ஜூன், ஜூலையில் தன்விவரக் கோவை, இரண்டு பக்க விண்ணப்பக் கடிதம், ஆய்வு அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, 25–30 பக்க எழுத்து மாதிரி தயாராக வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்கு மூவரிடம் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். பெரும்பாலான விளம்பரங்கள் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வரும். இருபது, முப்பது நிமிடக் காணொளி நேர்காணல்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை நடக்கும். அதில் தேறிய மூன்று, நான்கு பேரை வளாகத்துக்கு அழைப்பார்கள். ஒன்றிரண்டு நாள் நீளும் அந்த வருகையில் 45–50 நிமிட ஆய்வுரை, மாதிரி வகுப்பு, டீன் சந்திப்பு, இரவு விருந்து என்று காலை முதல் இரவு வரை மதிப்பீடுதான். விருந்தும் மதிப்பீடு என்பதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவர்கள் அதிகம் இழப்பது இப்படிப்பட்ட தகவல்களைத்தான்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் நெறியாளர் கடிதம். ‘கடின உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பானவர், மாணவர்களுக்கு உதவுபவர்’ என்று எழுதினால் தேர்வுக்குழு அதை ‘ஆய்வில் சுமார்’ என்று படிக்கும். நெறியாளருக்கு நீங்களே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: ஆய்வேட்டின் புதிய முடிவு என்ன, அது துறையில் எந்த விவாதத்தை மாற்றுகிறது, அடுத்த திட்டம் என்ன. ‘இதைக் கடிதத்தில் சேர்க்க முடியுமா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கடைசி உதவித்தொகைக்கும் முதல் சம்பளத்துக்கும் இடையில் எப்படிச் சமாளிப்பது?

பேசப்படாத பெரிய பள்ளம் இது. உதவித்தொகை மே மாதத்தோடு நிற்கும். புதிய வேலை ஆகஸ்டில் தொடங்கினால் முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில் வரும். நடுவே வேறு மாநிலத்துக்கு வீடு மாற்ற வேண்டும், வாடகை முன்பணம் கொடுக்க வேண்டும், மாணவர் மருத்துவக் காப்பீடும் கோடையில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து பணம் வரும் என்று இந்த அமைப்பு எடுத்துக்கொள்கிறது. பல லத்தீனாக்கள் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள்.

கேட்கக்கூடியவை இருக்கின்றன. வேலை தொடங்கும் தேதியை ஜூலை 1 ஆக்க முடியுமா? முடியாவிட்டால் ஒரு மாதக் கோடைச் சம்பளம் தர முடியுமா? வீடு மாற்றும் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கட்டுமா? காப்பீடு முதல் நாளிலிருந்தே தொடங்குமா? வளாக வருகைக்கான விமானச் சீட்டையும் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்; நீங்கள் கட்டித் திரும்பப் பெற வாரக்கணக்கில் ஆகலாம். ஒரு எச்சரிக்கை: 2018 முதல் வீடு மாற்றும் படி வருமானமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படுகிறது. 5,000 டாலர் என்று சொன்னால் கைக்கு 5,000 வராது.

வேலைக்கான அழைப்பு வந்ததும் எதையெல்லாம் பேசி வாங்கலாம்?

கொடுத்ததை நன்றியோடு வாங்கிக்கொள் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது கடினம். ஆனால் கேட்டதற்காக ஒரு வேலையைத் திரும்பப் பெறுவது மிக அரிது. வழக்கமாக இரண்டு வாரம் தருவார்கள். முதலில் சம்பளம்: கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் பொதுப் பல்கலைக்கழக ஊழியர் சம்பளம் பகிரங்கப் பதிவு. அதே துறையில் கடைசியாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என்ன வாங்குகிறார் என்று பார்த்துவிட்டே பேசுங்கள். பெரும்பாலும் அது ஒன்பது மாதச் சம்பளம். ஒரு மாதக் கோடைச் சம்பளம் என்றால் அதில் ஒன்பதில் ஒரு பங்கு. அடிப்படைச் சம்பளத்தில் ஏற்றிய தொகை ஆண்டுதோறும் தொடரும், ஒருமுறைத் தொகை அத்தோடு போய்விடும்.

பிறகு ஆய்வுத் தொடக்க நிதி, முதல் இரண்டு ஆண்டுகளில் பாடக் குறைப்பு, கணினி, மாநாட்டுச் செலவு, வாழ்க்கைத் துணைக்கு வேலை. இவற்றோடு எங்கள் பட்டியலில் எப்போதும் இருப்பது, முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை குழுக்களில் இருக்க வேண்டும் என்ற உச்சவரம்பு. துறைத்தலைவர் வாயால் சொன்னது அவர் மாறியதும் மறைந்துவிடும். எல்லாவற்றையும் நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். குறைந்தபட்சம், ‘நாம் பேசியது இவை’ என்று மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் பெறுங்கள்.

இரண்டு துறைகளில் கூட்டு நியமனம் என்றால் ஏற்கலாமா?

வரலாற்றுத் துறையும் லத்தீனோ ஆய்வுத் துறையும் சேர்ந்து ஒருவரை எடுப்பது சகஜம். தாளில் 50–50. நடைமுறையில் இரண்டு துறைக் கூட்டம், இரண்டு துறைக் குழுக்கள், இரண்டு இடத்திலும் முழு மாணவர் சுமை. ஏற்கலாம், ஆனால் உடன்படிக்கை எழுத்தில் இல்லாமல் ஏற்கக் கூடாது. டென்யூர் எந்தத் துறையில் இருக்கும், இரண்டிலும் வாக்கெடுப்பா, முடிவுகள் முரண்பட்டால் யார் தீர்ப்பது, இரண்டு இடத்திலும் குழு வேலை போன்ற சேவை சேர்ந்தே ஒருவர் அளவுதானா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

இரட்டைக் குடும்பப் பெயர் ஆய்வுத் தரவுத்தளங்களில் சிக்கலாகிறதே?

ஸ்பானிய வழக்கில் அப்பா வழிப் பெயரும் அம்மா வழிப் பெயரும் சேர்ந்து வரும். தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லை மட்டும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயரை நடுப்பெயராக்கிவிடும். ஒருவரே இரண்டு, மூன்று ஆட்களாகச் சிதறி, மேற்கோள் எண்ணிக்கையும் பிரிந்துபோகும். முன்னெழுத்தோடு எழுதும் தமிழர்களுக்கும் இதே தரவுத்தளங்களில் இதே தொல்லை. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்யுங்கள். இணைப்புக்கோடு போட்டால் இரண்டு பெயரும் பிரியாது. ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் எடுத்து எல்லா இதழ்களிலும் அதையே கொடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறினாலும் வெளியீட்டுப் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

‘பண்பாட்டு வரி’ என்கிறார்களே, அது என்ன?

ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் அமாடோ பதில்யா 1994-இல் பயன்படுத்திய சொல். ஒரு சிறுபான்மை ஆசிரியர், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதலாகச் செய்ய நேரும் வேலை அது. அதற்கு ஊதியமும் இல்லை, பதவி உயர்வில் மதிப்பும் இல்லை.

ஒரு லத்தீனா உதவிப் பேராசிரியரின் செப்டம்பர் மாதத்தைப் பாருங்கள். 15-ஆம் தேதி ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம் தொடங்கும், இரண்டு உரைகள். புதிய மாணவர் பெற்றோர் கூட்டத்தில் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. தேர்வுக்குழுவில் ‘பிரதிநிதித்துவத்துக்காக’ ஓர் இடம். கல்லூரி விளம்பரத்துக்குப் புகைப்படம். அறை வாசலில், தன் ஆலோசகர் அல்லாதவரிடம் அழுதுகொண்டு வந்து நிற்கும் மாணவி. கடைசியில் சொன்னதை யாரும் மறுக்க மாட்டார்கள், மறுக்கவும் கூடாது என்றே அந்த ஆசிரியர் நினைப்பார். ஒருகாலத்தில் அதே வாசலில் அவரும் நின்றிருப்பார். ஆனால் ஆறாம் ஆண்டில் டென்யூர் கோப்பைப் பார்ப்பவர்கள் கட்டுரைகளையும் நூலையும்தான் எண்ணுவார்கள். ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான பங்கீடு ஆய்வு 40, கற்பித்தல் 40, சேவை 20. நாற்பது மணி நேர வாரத்தில் சேவைக்கு எட்டு மணி நேரம்தான்.

செய்ய வேண்டியது முதலில் பதிவு. ஒவ்வொரு வாரமும் பத்து நிமிடம் ஒதுக்கி, என்ன வேலை, யார் கேட்டார், எத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டவணையில் எழுதுங்கள். பருவ முடிவில் அதை ஆண்டறிக்கையோடு இணையுங்கள். கோபத்தோடு சொன்னால் ‘ஒத்துழைக்காதவர்’ ஆவீர்கள். அட்டவணையோடு சொன்னால் துறைத்தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். புதிய வேலை வந்தால் உடனே சம்மதிக்காமல் இரண்டு நாள் கேளுங்கள். பிறகு, ‘செய்கிறேன், இப்போது இருக்கும் மூன்றில் எதை எடுத்துவிடலாம்?’ என்று எழுத்தில் கேளுங்கள். மாணவர் வழிகாட்டலை முறையான பாடமாக்க முடியுமா என்று பாருங்கள். தனித்தனியாகப் பன்னிரண்டு பேரைப் பார்ப்பதை வாரம் ஒரு குழுச் சந்திப்பாக மாற்றினாலே பாதி நேரம் மிஞ்சும். மாணவிகளும் ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள்.

துறைகளுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. சேவை யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைத் துறைக்குள் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். இனத்தைத் தொடாமலே, சட்டச் சிக்கல் இல்லாமலே இதைச் செய்யலாம். ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிந்தால், கூடுதல் வேலையை மறுப்பது எளிதாகிவிடும்.

வகுப்பறையில் மரியாதைக் குறைவு வந்தால்?

பாடத்திட்டத் தாளிலேயே எப்படி அழைக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஆண் சக ஊழியரை ‘டாக்டர்’ என்றும் உங்களைப் பெயர் சொல்லியும் அழைப்பதை முதல் வாரத்திலேயே திருத்தினால் எளிது. பெண்கள், உச்சரிப்பு வேறுபட்டவர்கள் ஆகியோருக்கு மாணவர் மதிப்பீடுகளில் பாதகம் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எண்களை மட்டும் கோப்பில் விடாதீர்கள். பருவ நடுவில் நீங்களே ஒரு கருத்துக் கேட்பு நடத்துங்கள். ஆண்டுக்கு ஒரு மூத்தவரை வகுப்பைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் வாங்குங்கள்.

சொந்தச் சமூகத்தை ஆராய்ந்தால் அது ஆய்வே இல்லை என்கிறார்களே?

புலம்பெயர்ந்த வீட்டுப் பணியாளர்களை ஆராயும் லத்தீனாவிடம் ‘இது உன் கதைதானே’ என்பார்கள். நியூ இங்கிலாந்து நகரங்களை ஆராயும் நியூ இங்கிலாந்துக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை. சாட்சிய உரை என்னும் ‘தெஸ்திமோனியோ’ முறை லத்தீன் அமெரிக்காவில் வேரூன்றியது. கல்வியியலாளர் டொலோரஸ் டெல்காடோ பெர்னால் 1998-இல் சிக்கானா பெண்ணிய அறிவுமுறை பற்றி எழுதியபோது, ஆய்வாளரின் வாழ்வனுபவமும் சமூக நினைவும் தரவைப் படிக்கும் கண்ணைக் கூர்மையாக்கும் என்று காட்டினார். முறையியல் அத்தியாயத்தில் இதற்கு இடம் கொடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதாதீர்கள்.

டென்யூர் கோப்பில், உங்கள் இதழ்களைத் துறைக்காரர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு வரி: யார் நடத்துகிறார்கள், ஏற்பு விகிதம் என்ன, துறையில் அதன் இடம் எது. வெளி மதிப்பீட்டாளர் பட்டியல் கேட்கும்போது, உங்கள் களத்தை அறிந்த முழுப் பேராசிரியர்களின் பெயர்களைத் தயாராக வைத்திருங்கள்.

குடும்பம், குழந்தை, தூரம் ஆகியவற்றை எப்படிப் பார்ப்பது?

‘ஃபமிலிஸ்மோ’ எனப்படும் குடும்பப் பிணைப்பைத் தடையாகவே எழுதும் ஆய்வுகள் பழையவை. அம்மா அனுப்பும் சமையலும் சகோதரி பார்த்துக்கொள்ளும் குழந்தையும் இல்லாமல் முடிந்திராத ஆய்வேடுகள் ஏராளம். ஆனால் கல்வி வேலைச் சந்தை நாட்டில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போ என்கிறது. வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்துக்குள் மட்டும் தேடுவதை ‘முனைப்பில்லாமை’ என்று நெறியாளர்கள் படிக்கக் கூடாது.

நேர்காணலில் திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று பெரும்பாலான பல்கலைக்கழக வழிகாட்டிகள் சொல்கின்றன. கேட்டால், ‘இந்த வேலைக்குத் தடை எதுவும் இல்லை’ என்ற அளவில் நிறுத்துங்கள். மத்தியச் சட்டப்படியான 12 வார விடுப்பு ஊதியமற்றது. அதுவும் அதே நிறுவனத்தில் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்த பிறகே உரிமையாகும். முதல் ஆண்டில் பிரசவம் என்றால் அது உதவாது. பல்கலைக்கழகத்தின் சொந்த விடுப்பு விதியை வேலையை ஏற்கும் முன்பே படியுங்கள். குழந்தை பிறந்தால் டென்யூர் கடிகாரத்தை ஓராண்டு நிறுத்தும் வசதி பல இடங்களில் உண்டு. அதை எடுத்தால், ஏழு ஆண்டுக்கான வெளியீடுகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று வெளி மதிப்பீட்டாளர்களுக்குப் போகும் கடிதத்தில் எழுதப்படுகிறதா என்று உறுதி செய்யுங்கள். அந்த வரி விடுபட்டால் நிறுத்திய ஆண்டே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வழிகாட்டி ஒருவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒருவரைத் தேடாதீர்கள். எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒருவர், துறை அரசியலை விளக்க ஒருவர், நீங்கள் இல்லாத அறையில் உங்களுக்காகப் பேச ஒருவர், சேர்ந்து உட்கார்ந்து எழுத இரண்டு, மூன்று தோழிகள். இவர்கள் எல்லோரும் லத்தீனாக்களாக இருக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து துணை தருபவை: 1982-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தொடங்கிய ‘முஹேரெஸ் ஆக்திவாஸ் என் லெத்ராஸ் இ காம்பியோ சோசியால்’ (எழுத்திலும் சமூக மாற்றத்திலும் செயல்படும் பெண்கள்) அமைப்பு, அறிவியல் துறையினருக்கு 1973 முதல் இயங்கும் சாக்னஸ் அமைப்பு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவரின் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) திட்டம். பலரைத் தூக்கிவிட்ட ஃபோர்டு ஆய்வுதவித் திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதைச் சொல்லும் பழைய பட்டியல்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆவணமில்லாதவர்கள், டாகா அனுமதி உள்ளவர்கள்?

சிறுவயதில் அமெரிக்கா வந்த ஆவணமில்லாதவர்களுக்காக 2012-இல் வந்த டாகா, நாடுகடத்தலைத் தள்ளிவைத்து இரண்டு ஆண்டு வேலை அனுமதி தருகிறது; நிரந்தர நிலை தராது. காலாவதிக்கு நான்கு, ஐந்து மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டமேற்படிப்பு உதவித்தொகை குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும்தான். நிலையைப் பற்றித் துறையில் யாரிடமும் சொல்லுமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் கல்லூரி) ஆசிரியராகப் போவது தோல்வியா?

இல்லை. லத்தீனோ மாணவர்கள் பெருமளவில் படிப்பது அங்கேதான். கலிஃபோர்னியாவில் அங்கே நான்கு ஆண்டுகளில் டென்யூர் முடிவாகும். பாடச் சுமை பருவத்துக்கு ஐந்து வகுப்புவரை போகும். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் மட்டுமே கௌரவம் என்று பேசும் நெறியாளரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நாங்கள் எச்சரிப்பது பகுதிநேர, தற்காலிக வேலைகளைப் பற்றித்தான். 2021-இல் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் டென்யூர் பாதைக்கு வெளியே இருந்தார்கள். ‘ஓராண்டு மட்டும்’ என்று ஏற்றது ஐந்தாண்டாக நீளும்போது ஆய்வு நின்றுவிடும்.

டென்யூர் மறுக்கப்பட்டால்?

2019-இல் ஹார்வர்டில் டொமினிக்கன் வரலாற்றை ஆராயும் லோர்ஹியா கார்சியா பெனியாவுக்கு டென்யூர் மறுக்கப்பட்டது, மாணவர்கள் போராடினார்கள். அவர் டஃப்ட்ஸுக்கும், பிறகு பிரின்ஸ்டனுக்கும் போனார். மறுப்பு என்பது ஆய்வு வாழ்க்கையின் முடிவு ஆக வேண்டியதில்லை.

நடைமுறை இது. மறுப்புக்குப் பின் வழக்கமாக ஓராண்டு பணி நீட்டிப்பு தருவார்கள். உள் மேல்முறையீட்டுக்கான அவகாசம் மிகக் குறைவு, சில வாரங்கள்தான். ஆசிரியர் கையேட்டில் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆண்டு மதிப்பீடுகள், மூன்றாம் ஆண்டுப் பரிசீலனைக் கடிதம், சேவை அட்டவணை, உங்களுக்கு முன் டென்யூர் பெற்றவர்களின் வெளியீட்டுப் பட்டியல் ஆகியவற்றைப் பல்கலைக்கழகக் கணக்கிலேயே வைக்காமல், உங்களுக்குச் சொந்தமானவற்றைத் தனியே சேமியுங்கள். பாகுபாடு என்று கருதினால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள், மாநில அமைப்பு உள்ள இடங்களில் 300 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான். கடைசி வேலை நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 1980 ரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: மறுப்பு முடிவைத் தெரிவித்த நாளிலிருந்தே நாட்கள் ஓடத் தொடங்குகின்றன. உள் மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் அந்த ஓட்டம் நிற்காது.